பல்லும் தலையெழுத்தும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் பல் வைத்தியத் தோழர் ஒருவர் பேசியது)



இந்த வாசகசாலை ஆண்டு விழாவில் என்னையும் ஏதாவது பேசும்படி நண்பர்கள் கேட்டபோது, நான் பல்லைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொன்னேன். "நாட்டில் எவ்வளவோ பெரிய சங்கதிகள் இருக்கும்போது பல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் சிரித்தார். அவர் சிரித்தபோதுதான் பார்த்தேன். கீழ் வரிசையில் நாலு பல் இல்லை. மேல் வரிசையில் இருக்கிற பல்லும் இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆடிக் கொண்டிருந்தது. ஆகவே இது பேச வேண்டிய விஷயந்தான் என்று அப்போதே முடிவு செய்து கொண்டேன்.

நான் இருபத்தைந்து வருஷமாகப் பல் வைத்தியம் செய்கிறவன். கோணல் பல்லைக் கம்பி போட்டு ஒழுங்கு செய்வது என் தொழில். ஆனால் இங்கு என் தொழிலுக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. அதற்கு மாறாக, எந்தச் சமயத்தில் எங்களைப் போன்றவர்களிடம் வர வேண்டும், எந்தச் சமயத்தில் வர வேண்டியதில்லை, வந்தால் எங்களை என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். நான் சொல்லுவதையும் வைத்தியன் சொல்லுகிறானே என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவில் போட்டு ஆராய்ந்து பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பல்லின் மேல் வந்த பழி

நம் மக்கள் பல்லைப் பற்றி நம்பிக் கொண்டிருப்பதை எல்லாம் எழுதினால் ஒரு புராணம் ஆகும். குழந்தைக்கு முதல் பல் மேல் வரிசையில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். பிறக்கும்போதே பல் இருந்தால் குடும்பத்துக்குக் கேடு என்கிறார்கள். முன் பல்லுக்கு நடுவில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அந்தச் சந்து உள்ளவன் கடன்காரனுக்குப் பயந்து ஓடிக் கொண்டிருந்தாலும் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டந்தான்!

சாதாரணமாகக் குழந்தைக்கு ஆறு மாத வாக்கில் கீழ் வரிசை நடுப் பற்கள் முதலில் முளைக்கும். சில குழந்தைகளுக்கு மேல் பல் முந்திக் கொள்ளும். சிலவற்றுக்கு ஒரு வயது வரையிலும் பல்லே வராது. சில ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில் குழந்தை பல்லுடனேயே பிறக்கும். அந்தப் பல் ஆடிக் கொண்டிருந்து தொண்டைக்குள் விழுந்துவிடுமா, தாய்ப்பால் குடிக்க இடைஞ்சலா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இது மாமனைப் பார்த்து முளைப்பதும் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து முளைப்பதும் இல்லை.

இது விளையாட்டுப் பேச்சு அல்ல, தோழர்களே! என் சொந்த ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்தது. வருஷம் திரும்புவதற்குள் அதன் தாய்மாமன் காய்ச்சலில் இறந்து போனான். அந்தக் காய்ச்சல் எப்படி வந்தது, அவன் குடித்த தண்ணீர் எப்படிப்பட்டது, ஏன் எட்டு நாள் வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. "மாமனை விழுங்கினவள்" என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தார்கள். அவள் பெரியவளாகிப் பள்ளிக்கூடம் போகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. பல்லே இன்னதென்று தெரியாத குழந்தையின் பேரில் கொலைக் குற்றம் சாட்டுகிற ஒரு நம்பிக்கையை வழக்கம் என்று சொல்லிக் காப்பாற்றுவது மனிதத் தன்மையா என்று கேட்கிறேன்.

இன்னொன்று பல் புழு. பல் சொத்தைக்குப் புழுதான் காரணம் என்று உலகமெல்லாம் நம்பியிருக்கிறது. பழைய பாபிலோனியாவின் களிமண் பலகைகளில்கூட பல் புழுவுக்கு மந்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த மடமை நமக்கு மாத்திரம் சொந்தமானது என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பிரான்சில் பியர் போஷார் என்ற வைத்தியர் 1728-ல் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதியபோதே, தாம் தேடிப் பார்த்ததில் புழு எதையும் காணவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இத்தனை காலம் கழிந்தும், காதில் குழல் வைத்து ஊதி, கன்னத்தில் வேர் வைத்து, பல் புழு எடுத்ததாகக் காட்டிக் காசு வாங்குகிறவர்களை நம் சந்தைகளில் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புழு வாயிலிருந்து வருவதல்ல. எடுக்கிறவரின் விரலிடுக்கிலிருந்து வருவது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் இப்படித்தான். பார்வைக்கு உள்ள நரம்பு வேறு. பல்லுக்கு உள்ள நரம்பு வேறு. பல் எடுத்ததால் கண் போகாது. ஆனால் சீழ் பிடித்த பல்லை எடுக்கப் பயந்து வைத்துக் கொண்டிருந்தால் சீழ் முகத்திலும் கழுத்திலும் பரவி உயிருக்கே ஆபத்து வரக் கூடும்.

காரணம் எங்கே இருக்கிறது?

தலையெழுத்து இல்லையென்றால் வேறு என்னதான் காரணம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

முதலில் சொத்தையை எடுத்துக் கொள்ளுவோம். அமெரிக்காவில் பிறந்து ஜெர்மனியில் பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்பவர் 1890-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் இதைத் தெளிவாக்கினார். நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் அவைகளும் தின்கின்றன. தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் வெள்ளை ஓட்டைக் கரைக்கிறது. எச்சில் அதைக் கழுவிச் சரிப்படுத்தப் பார்க்கும். எச்சிலுக்கு அவகாசம் கொடுக்காமல் மணிக்கொரு தரம் இனிப்பை வாயில் போட்டுக் கொண்டே இருந்தால் அது என்ன செய்யும்? ஒரு தரம் ஓட்டையாகிவிட்ட வெள்ளை ஓடு மறுபடியும் வளராது. நகம் வளரும், மயிர் வளரும், பல் ஓடு வளராது.

கறையைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் எத்தனையோ பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. அது தோஷமும் அல்ல, பல் விளக்காத சோம்பேறித்தனமும் அல்ல. அங்கே நிலத்தடித் தண்ணீரில் ப்ளோரைடு என்னும் உப்பு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் கறை விழும். வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும். அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்தில் இந்த நோயைக் கண்டு 1937-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். அதே ப்ளோரைடு மிகக் குறைந்த அளவில் இருந்தால் பல்லுக்குக் காவல் என்று கண்டு, அமெரிக்காவில் கிராண்டு ராபிட்ஸ் என்ற நகரத்தில் 1945-ல் குடி தண்ணீரில் அளவோடு சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரே பொருள் ஓரிடத்தில் கெடுதி, ஓரிடத்தில் நன்மை. எல்லாம் அளவில் இருக்கிறது. அளவை அறிவது ஆராய்ச்சியில் இருக்கிறது.

இனி கோணல் பல். தாடை சிறிதாயும் பல் பெரிதாயும் இருந்தால் இடம் போதாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். இது பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து வருவது. நாலைந்து வயதுக்கு மேலும் விரல் சூப்பினால் முன் பல் துருத்தும். மூக்கடைப்பால் எப்போதும் வாயைத் திறந்து மூச்சு விடுகிற குழந்தைக்கும் தாடை வளர்ச்சி மாறக் கூடும். அதன் மூக்கையும் தொண்டையையும் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட நம் கையில் இருக்கிற காரணம் ஒன்று உண்டு. "விழப் போகிற பால் பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடுகிறோம். பால் பற்கள் இருபது. அவை பின்னால் வரப் போகிற பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா? துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்கார்ந்து கொள்ளுகிறான். அதுபோல் கடைவாய்ப் பால் பல் காலத்துக்கு முன் போய்விட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்துவிடும். வருகிற பல் கோணலாக வரும். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது விழாத பல். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விடுகிற வீடுகள் அநேகம்.

கம்பி என்ன செய்கிறது?

"பல் எலும்பில் புதைந்தது ஆயிற்றே, அதை எப்படி நகர்த்துகிறீர்கள்? மந்திரமா?" என்று கேட்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான மெல்லிய நார்ப் படலம் இருக்கிறது. பல்லின் மேல் மெதுவாக, விடாமல் அழுத்தம் கொடுத்தால், அழுத்தப்படுகிற பக்கத்தில் எலும்பு கரைகிறது. விலகுகிற பக்கத்தில் புது எலும்பு சேருகிறது. இப்படியே மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர் பல் நகரும். பல்லைத் தள்ளுவது கம்பி. இடத்தை மாற்றுவது நம்முடைய உயிருள்ள சரீரம். ஆகையால்தான் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகிறது. "மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று எந்தப் பல்லுக்கும் வாக்குக் கொடுக்கிறவனிடம் ஜாக்கிரதையாக இருங்கள். பலமாக இழுத்தால் சீக்கிரம் வரும் என்பதும் தப்பு. பல்லின் வேர் கரைந்து போகும்.

எல்லாக் கோணல் பல்லும் நோய் அல்ல. மெல்ல முடிகிறது, சுத்தம் செய்ய முடிகிறது, அந்த மனிதனுக்கு அதனால் மனக் குறையும் இல்லை என்றால் அப்படியே இருக்கலாம். ஆனால் முன் பல் அதிகமாகத் துருத்தியிருந்தால் குழந்தை விழும்போது அது உடைய இடமுண்டு. கீழ்ப் பல் மேல் அண்ணத்தைக் குத்தலாம். கோரைப் பல் எலும்புக்குள்ளேயே சிக்கிக் கொண்டு பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கலாம். இப்படிப்பட்டவைகளுக்குச் சிகிச்சை அவசியம். ஏழு வயது வாக்கில் ஒரு தரம் காட்டுவது நல்லது. காட்டிய உடனே கம்பி போட வேண்டும் என்பதல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினொன்று பதினான்கு வயதுக்குள் போட்டால் போதும். பெரியவர்களுக்கும் போடலாம், ஈறும் எலும்பும் நன்றாய் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வைத்தியரிடம் போனால் கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டாம். கேளுங்கள். என் பல்லில் என்ன குறை? அதை இப்படியே விட்டால் என்ன ஆகும்? கம்பி போடுவதற்கு நீங்கள் தனிப் படிப்புப் படித்தவரா? எத்தனை மாதம் ஆகும்? ஆரம்பம் முதல் கடைசி வரை மொத்தம் எவ்வளவு ரூபாய்? நல்ல பல்லை எடுக்க வேண்டுமென்றால் ஏன்? சிகிச்சை முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக் கொள்ளுகிற வைத்தியர் உங்களுக்கு வேண்டியதில்லை.

நல்ல பல்லை எடுப்பதைப் பற்றி ஒரு வரலாறு சொல்லுகிறேன். அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கிள் என்பவர் இந்தத் தொழிலுக்கே தகப்பன் போன்றவர். கோணல் பற்களை 1899-ல் அவர் வகைப்படுத்தியதைத்தான் இன்றும் நாங்கள் படிக்கிறோம். அவர், முப்பத்திரண்டு பல்லில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னார். சிஷ்யர்களும் அதையே வேதமாகக் கொண்டார்கள். அவருடைய சிஷ்யர் டுவீடு என்பவர் பல வருஷம் குருவின் வழியில் வைத்தியம் செய்து, பிறகு தாம் பார்த்த நோயாளிகளைத் தாமே திருப்பி அழைத்துச் சோதித்தார். பலருக்குப் பல் மறுபடியும் கெட்டிருந்தது. அவர்களில் நூறு பேருக்குப் பல் எடுத்துவிட்டு மறுபடி சிகிச்சை செய்து, 1940-ல் முன்னும் பின்னும் எடுத்த அச்சுக்களைச் சக வைத்தியர்கள் முன் வைத்தார். இன்று எங்கள் முடிவு என்னவென்றால், சிலருக்கு எடுக்க வேண்டும், சிலருக்கு எடுக்க வேண்டியதில்லை. தாடையையும் பல்லையும் அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பதாகும். குரு சொன்னார் என்பதற்காக நிற்காமல், தம் தோல்வியைத் தாமே எடுத்து நாலு பேர் முன் வைத்தாரே, அதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்.

படித்த வைத்தியர் என்பதைக் கவனியுங்கள். பதிவு செய்து கொள்ளாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1948-லேயே சட்டம் வந்தது. பல் வைத்தியம் ஐந்து வருஷப் படிப்பு. கம்பி போடுவதற்குத் தனியாக இன்னும் மூன்று வருஷம். பணம் இல்லையென்றால் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 1953-லிருந்து இருக்கிறது. அங்கே காத்திருக்க நேரிடும். ஆனால் ஏமாற நேரிடாது.

இப்போது கம்பி இல்லாமல், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை மாட்டிப் பல்லை நகர்த்துகிற முறையும் வந்திருக்கிறது. வைத்தியர் மேற்பார்வையில், ஏற்ற பல்லுக்கு, ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக மாட்டிக் கொள்ளுகிறவருக்கு அது நல்லதே. ஆனால் வைத்தியர் வாயைப் பார்க்காமலே தபாலில் அனுப்பிய ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி 2023 முடிவில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். சந்து பல்லை மூட முன் பல் இரண்டையும் சேர்த்துச் சின்ன ரப்பர் வளையம் மாட்டிக் கொள்ளுவது இன்னும் மோசம். பல் வேர் கீழே போகப் போகக் கூர்மையானது. வளையம் நழுவி ஈறுக்குள் ஏறி, எலும்பை அரித்து, இரண்டு நல்ல பற்களையும் உதிர்த்துவிடும். ஒரு காசு வளையத்துக்கு இரண்டு பல் விலை!

கம்பி போட்டுக் கொண்டவர்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் சொத்தையையும் ஈறு நோயையும் சரிப்படுத்திக் கொள்ளுங்கள். மாட்டிய முதல் மூன்று நாலு நாள் வலி இருக்கும், பிறகு குறையும். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் கம்பியின் மேலும் கீழும் துலக்குங்கள். துலக்காவிட்டால் கம்பியை எடுக்கும்போது பல் நேராக இருக்கும், ஆனால் பல்லெல்லாம் வெள்ளைத் திட்டாக இருக்கும். கடலை மிட்டாய், கரும்பு, முறுக்கு, எலும்பு இவைகளைக் கடிக்க வேண்டாம். கம்பி குத்தினாலும் உடைந்தாலும் நீங்களே வளைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முடிந்த பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கக் கொடுக்கிற ரிட்டெய்னரைச் சொன்ன காலம் வரை மாட்ட வேண்டும். இரண்டு வருஷ உழைப்பை இரண்டு மாத அலட்சியத்தில் இழந்தவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

காசில்லாமல் செய்யக் கூடியது

கம்பி வேண்டியது சிலருக்கே. பல்லைக் காப்பது எல்லோருக்கும் வேண்டியது. காலையில் துலக்குகிறோம், இரவில் துலக்குவதில்லை. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால் இரவில்தான் பல் அதிகம் கெடும். ஆகவே இரவில் துலக்கிவிட்டுப் பிறகு ஒன்றும் தின்னாமல் படுக்க வேண்டும். மிருதுவான பிரஷ், ப்ளோரைடு உள்ள பற்பசை, இரண்டு நிமிஷம் போதும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அரிசியளவு பசை. ஆறு வயது வரை பட்டாணியளவு. கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியை நான் பழிக்கவில்லை; ஆனால் குச்சியில் ப்ளோரைடு இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்துகிறோம். அது தலைகீழான காரியம். சுத்தம் இல்லாததால்தான் இரத்தம் வருகிறது. காறை எடுத்தால் பல் ஆடும் என்கிறார்கள். காறை எலும்பைக் கெடுத்து முன்பே ஆட்டிவிட்டது, எடுத்த பிறகு அது தெரிகிறது. நீரிழிவுக்காரர்கள் ஈறை இரட்டிப்பாய்க் கவனிக்க வேண்டும். ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெடும்.

புகையிலை சேர்ந்த பற்பொடியை அரசாங்கம் 1992-ல் தடுத்தது. புகையிலையோடு பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டுவிட்டது. வாயில் ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாரைக் கேட்டார்கள்?

கடைசியாக ஒரு விஷயம். இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே அதிகம் கெடுக்கிறது என்று நாங்கள் இன்று சொல்லுகிறோமே, அதை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? ஸ்வீடனில் விப்பேஹோல்ம் என்ற ஆஸ்பத்திரியில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940-களின் பிற்பகுதியில் வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாயைக் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்தார்கள். முடிவை 1954-ல் வெளியிட்டார்கள். உண்மை கிடைத்தது, ஆனால் யாருடைய பல்? அவர்களை யார் கேட்டார்கள்? அறிவு வளர்ந்தால் மாத்திரம் போதாது, அடுத்தவன் வாயும் அவனுடையது என்ற எண்ணமும் வளர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

ஸ்வீடனைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக் கொள்ளப் பார்க்கவில்லை. நான் தொழில் தொடங்கிய புதிதில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். முன் பல் கொஞ்சம் துருத்தல். "ஆறு வாரத்தில் பெண் பார்க்க வருகிறார்கள், கம்பிக்கு அவகாசம் இல்லை, நாலு பல்லையும் எடுத்துவிட்டுப் பொய்ப் பல் கட்டிவிடுங்கள்" என்று தகப்பனார் சொன்னார். தாயாரும் தலையசைத்தார். நான் எடுத்தேன். நாலு நல்ல பற்களை எடுத்து, இரண்டு பக்கத்துப் பற்களையும் அராவி, வரிசையாகக் கட்டிக் கொடுத்துப் பணமும் வாங்கிக் கொண்டேன். கலியாணமும் நடந்தது. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். பல் எடுத்த இடத்தில் எலும்பு சுருங்கி, அராவிய பற்களும் கெட்டுக் கட்டுப் பல் ஆடிக் கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "டாக்டர், அன்றைக்கு நீங்கள் என் அப்பாவைக் கேட்டீர்கள், அம்மாவைக் கேட்டீர்கள். வாய் என்னுடையது. என்னை ஏன் கேட்கவில்லை?" என்றாள்.

தோழர்களே! என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அந்த மாப்பிள்ளையின் வாயை யாராவது திறந்து பார்த்தார்களா? அவனுக்குப் புகையிலைக் கறை இருந்ததா, சொத்தை இருந்ததா என்று விசாரித்தார்களா? மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்கள். பெண்ணையும் அப்படியே பார்க்கிறோம். மாட்டுக்குப் பல்லைப் பிடுங்குவதில்லை, பெண்ணுக்குப் பிடுங்குகிறோம். ஆண் பிள்ளைக்குச் சொத்தை வந்தால் ஆஸ்பத்திரி. பெண் பிள்ளைக்குப் பெண் பார்க்க வரும்போதுதான் ஆஸ்பத்திரி. இது நியாயமா?

அன்று முதல் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் யாரை அழைத்து வந்தாலும், வாயைத் திறப்பதற்கு முன் அந்த வாய்க்கு உடையவரைத்தான் முதலில் கேட்பேன். பத்து வயதுப் பிள்ளையானாலும், "உனக்கு என்ன தொந்தரவு? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பேன். பெண்ணுக்குத் தன் பல்லை நேராக்கிக் கொள்ள இஷ்டம் இருந்தால், அது போதுமான காரணம். இஷ்டம் இல்லையென்றால், வருகிற மாப்பிள்ளைக்காக ஒரு பல்லையும் தொட மாட்டேன்.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக் கொள்ளுவது அதிகமில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளைகளின் வாயை, பெண் பிள்ளை ஆண் பிள்ளை என்ற பேதம் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். கறுப்பு இருந்தால் ஜோசியரைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். வைத்தியர் சொல்லுவதையும் கேள்வி கேட்டே ஏற்றுக் கொள்ளுங்கள். யாருடைய பல்லோ அவர்களைக் கேட்டுக் காரியம் செய்யுங்கள். பல் தலையெழுத்தால் கெடுவதில்லை. நாம் கவனிக்காததால் கெடுகிறது. கவனிக்காததை இன்றைக்கே கவனிக்க ஆரம்பிக்கலாம்.